கணுக்காலுக்கு மேல் நாலு விரல்

பேனா கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இரண்டு வரி எழுதுவதற்குள் வழுக்கி மடியில் விழுந்துவிடுகிறது. விழுந்த பிறகும் விரல்கள் எதையோ பிடித்த மாதிரியே வளைந்து நிற்கின்றன. ஆனாலும் எழுதுகிறேன். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் இன்னும் நாலு பேர் எங்காவது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவிலில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் எனக்கு ஜாக்கெட் கோமதி என்று பெயர். இருபத்தெட்டு வருடமாக வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள். கணவர் மாடசாமி விசைத்தறியில் வேலை பார்க்கிறார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது, அதனால் மெதுவாகப் பேச வராது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவரும் அவர் குரலும்தான்.

என் நோயை முதலில் கண்டுபிடித்தது என் ஜாக்கெட்தான். இடது பக்கம் மட்டும் பிடிக்கிறதே என்று தையலைப் பிரித்து அரை இஞ்சு விட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பிடித்தது, மறுபடியும் பிரித்தேன். ஊரார் உடம்பை அளந்து பிழைத்தவள், என் உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் துணியைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை பிரிக்க உட்கார்ந்தபோதுதான் கை தானாக மார்பைத் தடவிற்று. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி அசையாமல் இருந்தது.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி. கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் நாளில் வரிசையில் அறுபது பேராவது இருந்திருப்போம். இவர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாருலயா போட்டிருக்கான்? எந்தப் பக்கம்னு எழுதலையே?" என்று கேட்டது மருந்து கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் கேட்டது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அரைமணி நேரம் கழித்து, புற்றுநோய்தான் என்று முடிவைச் சொன்னபோது அந்த வெட்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஊசிமருந்து. முதலில் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு, பிறகு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. முதல் நாலில் முடி போயிற்று, வாந்தி வந்தது. எல்லோரும் சொல்லி வைத்திருந்ததால் அதற்குத் தயாராக இருந்தேன். பன்னிரண்டில்தான் எனக்குக் கஷ்டம் வந்தது. ஐந்தாவது வாரம் விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி ஆரம்பித்தது. பிறகு உள்ளங்கால் எரிச்சல். மிளகாய் அரைத்துத் தேய்த்த எரிச்சல்.

ஒவ்வொரு வாரமும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் நர்ஸ் கேட்பாள், "கை கால் மரமரப்பு இருக்காம்மா?"

"இல்லம்மா," என்பேன்.

பொய்தான். பக்கத்து நாற்காலியில் சிவகிரிக்காரி ஒருத்தி இருந்தாள். இருக்கிறது என்று சொன்னதற்கு அவளுக்கு மருந்தின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்தேன். மருந்து குறைந்தால் நோய் மிஞ்சும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை. தவிர, முகத்துக்கு நேராக ஒருவரிடம் குறை சொல்வது எனக்கு வராது. என்னிடம் தைக்க வருபவர்களும் அப்படித்தான். போட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மரியாதை.

பன்னிரண்டும் முடிந்தது. ஒரு மாதம் கழித்து மிஷினில் உட்கார்ந்தேன். தெரிந்த பெண்ணின் கல்யாண ஜாக்கெட், சந்தன நிறப் பட்டு. கொக்கி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது துணியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. நூல்தான் ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டேன். பொட்டு நாலாயிற்று. பிறகுதான் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஊசி ஆள்காட்டி விரலுக்குள் கால்வாசி இறங்கி நின்றது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்து, மிஷினின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடினேன்.

கால் இன்னும் மோசம். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். மற்றது எங்கே கழன்றது என்று தெரியாது. இவர் தெருத் தெருவாகப் போய், பூக்கடைப் பக்கம் கிடந்ததென்று எடுத்து வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் காரணத்தையும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போனபோது இவரே சொல்லிவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார், கோபப்படவில்லை. "நரம்புலயே நீளமானதுதான் முதல்ல அடிவாங்கும்மா. அதான் காலு நுனி, கை நுனி. அப்பமே சொல்லியிருந்தா கொஞ்சம் தடுத்திருக்கலாம்," என்றார். எரிச்சலுக்கு மாத்திரை எழுதினார். அது என்னைப் பகலெல்லாம் தூங்க வைத்ததே தவிர, எரிச்சல் அதுபாட்டுக்கு இருந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "சிலருக்கு அக்குபங்சர் கேக்குது. எல்லாருக்கும் இல்ல. ரத்த அணுவெல்லாம் இப்ப சரியா இருக்கு, போய்ப் பாருங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக்கூடாது."

இப்படித்தான் வியாழக்கிழமைதோறும் கடையநல்லூர் பஸ் ஏற ஆரம்பித்தோம். அங்கே டாக்டர் ரஹ்மத் என்று ஒரு பெண். முப்பது வயதுதான் இருக்கும். அவளுடைய அத்தா வெளிநாட்டில் இருந்து சம்பாதித்துக் கட்டிய வீட்டின் கீழ்த்தளம்தான் ஆஸ்பத்திரி. முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்த ஊசி கேன்சரை ஒண்ணும் செய்யாது. எரிச்சல் குறையலாம். மரத்துப்போனது திரும்புமான்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பாப்போம், இன்ஷா அல்லாஹ்."

கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சைத் திரித்து, கால் விரலிலிருந்து மேலே மேலே தொட்டுக்கொண்டே வந்தாள். "தெரியும்போது ஆமான்னு சொல்லுங்க." நான் காத்திருந்தேன். பாதம் முழுக்க முடிந்துவிட்டது என்பதே எனக்குத் தெரியாது. கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தள்ளி பஞ்சு பட்டபோதுதான் "ஆமா" என்றேன். அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். இரண்டு காலிலும். கோட்டுக்கு மேலே நான். கீழே இருப்பது எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று. இந்தக் கோடு கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் நான் அப்போது கேட்டது.

ஊசி தலைமுடி கனம்தான். சின்னக் குழாய்க்குள் வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டுவாள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒன்று, கணுக்காலுக்கு உள்பக்கம் ஒன்று, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று, வலது கையில் விரல் இடுக்குகளில். இடது கையைத் தொட மாட்டாள். நெறிக்கட்டி எடுத்த பக்கம் ஊசி குத்தினால் கை வீங்கிவிடும். முழங்கால் ஊசியில் மட்டும் ஒரு கனம் தெரியும், உள்ளுக்குள் யாரோ விரலை அழுத்துவது மாதிரி. பாதத்து ஊசிகளை நான் பார்க்கத்தான் செய்தேன். அரைமணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். வேறு யாருடைய காலிலோ குத்தி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நாலு வாரத்தில் எரிச்சல் நிஜமாகவே குறைந்தது. இதைச் சொல்லாவிட்டால் பாவம். ராத்திரி ஈரத்துணியைக் காலில் சுற்றாமல் தூங்கினேன். ஆனால் கோடு அசையவில்லை. ஒவ்வொரு வியாழனும் அவள் பஞ்சை எடுப்பாள், இவர் நாற்காலி நுனிக்கு வருவார், நான் கண்ணை மூடுவேன், மங்கிய கோட்டை அதே இடத்தில் மறுபடியும் போடுவாள். "பரவாயில்லக்கா," என்பாள். அந்தப் பெண்ணின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இவரோ பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் பேசாமல் இருப்பதைவிட, ஊர் கேட்கப் பேசுவதே மேல்.

ஐந்தாவது வியாழக்கிழமை கண்ணை மூடியிருந்தேன். அவள் கையை நகர்த்தும்போது அங்கியின் கைப்பகுதி படுக்கை விரிப்பில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு உரசல், ஒரு தொடல். கணக்குப் பிடிபட்டுவிட்டது. கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருப்பாள் என்று தோன்றிய இடத்தில் "ஆமா" என்றேன்.

"இங்கனயா?"

"ஆமாம்மா. லேசாத் தெரியுது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். பழைய கோட்டை ஸ்பிரிட் தொட்டு அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டாள். கண்ணைத் திறந்தபோது இவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம், "என் வீட்டுக்காரிக்குக் கால் திரும்புது அண்ணாச்சி," என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு பாட்டியம்மா எழுந்து வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எட்டாவது வியாழனில் கோடு கணுக்கால் எலும்பில் வந்து நின்றது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நானே தொட்டுப் பார்ப்பேன். மரத்த விரலால் மரத்த காலை. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. அழுகையாக வரும். ஆனால் நாளைக்கு நிஜமாகவே வந்துவிடும், அப்போது பொய் மெய்யாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித்தபசை ஒட்டி இங்கே கோயிலில் ஆடிச்சுற்று உண்டு. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று நேர்ந்துகொண்டு பிரகாரத்தைச் சுற்றுவார்கள். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் இருக்கிறாள், சுற்றுகிறவர்கள் அந்தக் கால்வலியைக் கொஞ்சம் தங்கள் காலில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. இவர் எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றே நூற்றொன்று நேர்ந்திருக்கிறார், நான் நடப்பதாக.

"கோடு கணுக்காலுக்கு வந்துட்டுல்லா? மெதுவா நடந்திருவோம்ட்டி. நானும் கூட வாரேன்."

வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று ரஹ்மத் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், சொல்லவில்லை. இவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டுமானால், கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரி என்றேன். இன்னொன்றும் இருந்தது. வலியை வாங்கிக்கொள்ளும் சுற்று அல்லவா? எனக்கு வேண்டியது அதுதானே. ஊசி தராததை அம்மன் தருவாள் என்று ஒரு ஆசை.

எண்ணிக்கைக்கு என் தையல் பெட்டியிலிருந்து நூற்றொரு பட்டன் எடுத்து இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சுற்றுக்கு ஒரு பட்டன் மஞ்சள் பைக்குப் போகும். காலையில் ஆரம்பித்தோம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிற்று. மேற்குப் பக்கம் கல் கொதித்திருக்கும் போல, அந்த இடம் வந்ததும் எல்லோரும் குதித்துக் குதித்து ஓடினார்கள். இவரும் குதித்தார். நான் மட்டும் நிதானமாக நடந்தேன். எனக்கு முன்னால் போன பெண் கால் தாங்க முடியாமல் நிழலில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சுடலையாக்கா?" என்று கேட்டாள்.

"அவ வலிய அம்மன் எடுத்துக்கிட்டா," என்று இவர் பதில் சொன்னார். கோபுரம் வரை கேட்டிருக்கும். கண் கலங்கியிருந்தார். ஒரு நிமிஷம் நானும் அதை நம்பினேன். வேறு எதையும் நம்ப எனக்கு வழியில்லை.

அறுபத்துநாலு சுற்றில், மீதி நாளைக்கு என்று திரும்பினோம். வீட்டுக்குள் வந்து அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அசையாத."

அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சிமெண்டுத் தரையில் என் காலடி ஒவ்வொன்றும் சிவப்பாகப் பதிந்திருந்தது. உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் போட்டு உடைந்து தோல் உரிந்து தொங்கியது. வலது குதிகாலில் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று முழுசாக உள்ளே போயிருந்தது. பச்சை வளையல்.

மறுநாள் காய்ச்சல், மூன்றாம் நாள் கால் கெண்டைவரை வீங்கிச் சிவந்துவிட்டது. மறுபடியும் திருநெல்வேலி, மறுபடியும் அதே கட்டிடம், பதினொரு நாள். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்துக்குப் போகாமல் இருக்க ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். எலும்புவரை போயிருந்தால் குதிகாலில் பாதியை எடுக்க வேண்டிவரும் என்று அறுவை டாக்டர் சொன்னார். படம் எடுத்து முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் இவர் கட்டிலின் கால்மாட்டில், என் கட்டுப்போட்ட பாதத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எலும்புக்குப் போகவில்லை என்றார்கள். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

தினமும் காலையில் புண்ணைச் சுத்தம் செய்வார்கள். அந்த வார்டில் சர்க்கரைப் புண்காரர்கள், விபத்துக்காரர்கள் எல்லோரும் கத்துவார்கள். செத்த சதையைக் கத்தரித்து எடுக்கும்போதுகூட நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"வலிக்கவே இல்லையாம்மா?" என்றாள் நர்ஸ். "கொடுத்து வச்சவங்க நீங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவள் போன பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். இவர் போர்வையை விலக்கி, "என்னட்டி?" என்றார். அப்போது சொன்னேன். ஐந்தாவது வியாழக்கிழமையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். பஞ்சு, உரசல் சத்தம், கோடு எல்லாம். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னதில் வார்டே கேட்டது. முதல் தடவையாக எனக்கு வெட்கமாக இல்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான் சந்தோசப்படணும்னா சொன்ன?" என்றார்.

நான் தலையாட்டினேன். எழுந்து வெளியே போனவர் மத்தியானம்தான் வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தபசு முடிந்து ஊர் காலியாகக் கிடந்தது. ஆடி முடிய மூன்று நாள் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் இவரைக் காணோம். பதினோரு மணிக்கு நொண்டிக்கொண்டே வந்தார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், காலியாக இருந்தது. மீதி முப்பத்தேழு பட்டனையும் முடித்துவிட்டார். கூட்டமில்லாத பிரகாரத்தில் தனியாக.

கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினார். உள்ளங்கால் வெந்து சிவந்திருந்தது. எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். அந்தக் காலின் சூடு என் விரலுக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறேன் என்றும் தெரியவில்லை.

"ஆ... மெதுவாட்டி. வலிக்கு."

எனக்கு அந்த நேரத்தில் வந்தது இரக்கம் இல்லை, பொறாமை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

பிறகு அவர் எழுந்து, மேஜையிலிருந்து பஞ்சும் பால்பாயிண்ட் பேனாவும் எடுத்து வந்தார். கட்டு இல்லாத இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ண மூடு. நிசத்தச் சொல்லு."

மூடினேன். தறிக்காரரின் கை, சத்தமே இல்லை. தொட்டாரா என்பதே தெரியாததால் அவர்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"இங்கன?"

"இல்ல."

"இங்கன?"

"இல்ல."

எத்தனை இல்லை சொன்னேன் என்று எண்ணவில்லை. இருபத்தெட்டு வருடத் தையலில் நானும் யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை, என்னிடமும் யாரும் இத்தனை தடவை சொன்னதில்லை. விடாமல் சொன்னேன்.

"இங்கன?"

நூல் பட்டது மாதிரி ஒன்று. "ஆமா," என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் மூன்று விரல். முதல் நாள் நாலு விரல் இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு விரல். அவர் பேனாவைத் திறந்து அந்த இடத்தில் கோடு போட்டார். நேராக வரவில்லை, கோணலாக ஒரு பக்கம் ஏறிப் போயிற்று.

குளிக்கும்போது நனையாமல் அந்தக் காலில் பாலிதீன் கவர் கட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடையநல்லூர் பஸ் ஏறினேன். ரஹ்மத்திடம் காட்ட என்னிடம் அந்தக் கோணல் கோடு மட்டும்தான் இருந்தது.